ஒத்தைப் படகா, ரெட்டைப் படகா

“கடலையே பாக்காத பிள்ள, கடல்ல போற போட்ட செலக்ட் பண்ணுதாம். நல்லா இருக்குல்லா கத!”

இதைச் சொன்னவர் எங்கள் மோல்டிங் பிரிவின் சூப்பர்வைசர். தூத்துக்குடிக்காரர். ஓசூர்ப் பக்கம் வந்து தலை நரைத்த பிறகும் பேச்சு மட்டும் மாறாததால் தொழிற்சாலையில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. என் காதோடு சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். படகு கட்டித் தரச் சொல்லிப் பெங்களூரிலிருந்து வந்திருந்த கணவன் மனைவியின் எதிரில், முதலாளியின் எதிரில், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“காத்தாலைக்கு மூடி செஞ்சு குடுத்தோமே அண்ணாச்சி, அதுக்கு முன்னாடி நீங்க காத்தாலை மேல ஏறிப் பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும்தான். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அன்று ஸ்கூட்டியில் வீடு திரும்பிய வழியெல்லாம் அந்த வாக்கியம் பின் சீட்டில் உட்கார்ந்தே வந்தது.

எங்கள் தொழிற்சாலை சூளகிரிப் பக்கம் புதிதாக வந்த தொழிற்பேட்டையில் இருக்கிறது. ஃபைபரில் எதையெல்லாம் வார்க்க முடியுமோ அதையெல்லாம் வார்ப்போம். பேருந்தின் முன்முகப்பு, நடமாடும் கழிப்பறை, காற்றாலையின் மூடி. ஒருமுறை ஒரு ஏரிப் பூங்காவுக்கு வாத்து வடிவத்தில் மிதிபடகுகள் செய்துகொடுத்தோம். அந்த வாத்துதான் இந்தக் கணவன் மனைவியை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. ஏரியில் மிதித்துக்கொண்டே, இதை யார் செய்தது என்று அங்கிருந்தவர்களை விசாரித்திருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டைக் காலி செய்துவிட்டுப் பாய்மரப் படகில் குடியேறப் போவதாகச் சொன்னார்கள். கோவாவில் தொடங்கிக் கொச்சி, அங்கிருந்து லட்சத்தீவு, தைரியம் வந்தால் பிறகு அந்தமான். படகை ஓசூர்ப் பக்கமே கட்டினால் வாரம் ஒருமுறை வந்து கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு.

எல்லாம் முடிவாகிவிட்டது, ஒன்றைத் தவிர. எந்தப் படகு?

கணவருக்கு மோனோஹல் வேண்டும். அதாவது ஒரே உடல் கொண்ட படகு. அடியில் ஈயம் நிரப்பிய கனமான துடுப்பு போல ஒன்று கீழ்நோக்கி நிற்கும். அந்தக் கனம்தான் படகை நிமிர்த்திப் பிடிக்கும். மனைவிக்குக் கேட்டமரான் வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஒல்லியான உடல்கள், நடுவே பாலம் மாதிரித் தளம், அதன் மேல் வீடு. இரண்டு பேரும் ஒரு வருடமாக இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பதாக அந்த அம்மாவே சொன்னார். அவர் தமிழ் பேசிப் பெங்களூரில் வளர்ந்தவர். கணவர் கன்னடக்காரர், தமிழ் புரியும்.

“மூணாவது ஆளு சொன்னாதான் இது தீரும்” என்றார் அந்த அம்மா. “இந்தப் பொண்ணு நல்லா படிச்சிருக்கு. இது சொல்றதுதான் ஃபைனல். என்னங்க, ஓகேவா?”

“ஹௌது, ஹௌது” என்று தலையாட்டினார் கணவர். தன் பக்கம்தான் தீர்ப்பு வரும் என்ற நம்பிக்கை அவர் குரலில் இருந்தது. அந்த அம்மா குரலிலும் அதே நம்பிக்கை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா, அம்மா இருவருக்கும் தக்காளியும் கொத்தமல்லியும்தான் தெரியும். நான் கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்து, வேலைக்குப் போய்க்கொண்டே பொறியியல் பட்டமும் வாங்கினேன். எங்கள் தெருவில் யாருக்காவது மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டுமா, புது மோட்டாரின் பெட்டியைப் பிரித்ததும் எந்த வயரை எதில் சொருகுவது என்று கேட்க வேண்டுமா, எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். ஏழாவது படிக்கும்போதிருந்தே அப்படி. “தெரியாது” என்று நான் சொல்லி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியாததைப் படித்துத் தெரிந்துகொண்டு சொல்வேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. இப்போதும் உண்டு.

ஆகவே இதையும் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது.

ஒற்றை உடல் படகு காற்றடித்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும். சாய்வது அதன் இயல்பு. ஒரு காணொளியில் ஒரு பெண் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, சுவரில் முட்டுக்கொடுத்து, ஊஞ்சல் மாதிரி ஆடும் அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன்: இரட்டைதான். இரட்டை உடல் படகில் மேசை மேல் வைத்த தண்ணீர் டம்ளர் வைத்தபடி இருக்கிறது. அடுத்த காணொளியில் அதே இரட்டைப் படகின் தளத்துக்கு அடியில் அலை வந்து அறைந்தது. தரைக்குக் கீழே யாரோ நின்றுகொண்டு உலக்கையால் இடிக்கிற மாதிரிச் சத்தம். வீடியோ எடுத்தவர் பழகிவிடும் என்று சிரித்தார். அந்த வீட்டில் தூங்குவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. சரி, ஒற்றைதான்.

ஒற்றை கவிழ்ந்தால் அடியிலிருக்கும் ஈயத்தின் கனம் அதைத் திரும்ப நிமிர்த்திவிடும். ஆனால் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறினால் அதே ஈயம் அதை முழுக இழுத்துவிடும். இரட்டை சுலபத்தில் கவிழாது. கவிழ்ந்தால் நிமிராது. நிமிராவிட்டாலும் முழுகாது, தலைகீழாக மிதந்துகொண்டே இருக்கும், அதன் வயிற்றின் மேல் உட்கார்ந்து உதவிக்குக் காத்திருக்கலாம். எது மேல்? நிமிரும் ஆனால் முழுகும் என்பதா, முழுகாது ஆனால் நிமிராது என்பதா? எழுதியவர்கள் எல்லாருமே பல வருடம் கடலில் இருந்தவர்கள். ஒவ்வொருவரும் தன் படகுதான் சரி என்று அடித்துச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

என்னை ரொம்பவும் குழப்பியது ஒரு சின்னக் குறிப்பு. காற்று அதிகமானால் ஒற்றை சாய்ந்து சொல்லிவிடுமாம், பாயைக் குறை என்று. இரட்டை சொல்லாது. நேராக நின்று எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டே போகும். ஒரு நிலையில் ஏதாவது உடைந்த பிறகுதான் தெரியும். அப்படியென்றால் வசதியாக இருப்பதுதான் ஆபத்தா? இதை வாசித்த அன்று மோல்டுக்கு மெழுகு பூசச் சொல்ல வேண்டிய நேரத்தில் பாயைக் குறை என்று சொல்லிவிட்டேன்.

“என்னய ஏம்மா கொறைக்கறீங்க? நானே ஷுகர் வந்து எளைச்சுப் போயிருக்கேன்” என்றது ஒரு குரல். பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவர். கிருஷ்ணகிரிக்காரர். எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அன்றிலிருந்து படகின் பாய், பர்ச்சேஸ் பாய் என்று பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

அதற்குள் தொழிற்சாலை முழுக்க விஷயம் பரவிவிட்டது. மோனோஹல் என்ற பெயரும் கேட்டமரான் என்ற பெயரும் ஷெட்டுக்குள் நுழைந்த அன்றே ஒத்தை, ரெட்டை என்று ஆகிவிட்டன. பிறகு கேட்க வேண்டுமா. காலையில் கேட்டில் கைரேகை வைக்கப் போனால், காவலாளி மூடிய கையை என் முன்னால் நீட்டுவார். “ஒத்தையா ரெட்டையா மேடம்?” புளியங்கொட்டையைக் கைக்குள் ஒளித்து விளையாடுவோமே, அந்த விளையாட்டு. கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிற அக்காவும் கேட்டார். நான் ஒருநாள் ஒத்தை என்பேன், ஒருநாள் ரெட்டை என்பேன். கையைத் திறந்தால் எல்லா நாளும் காலியாகத்தான் இருக்கும்.

“வாத்தே ரெட்டதாம்மா” என்றார் அண்ணாச்சி. “அடியில ரெண்டு மொதவை வச்சுல்லா வாத்த செஞ்சோம்? இதுவரைக்கும் எந்த வாத்தாவது கவுந்திச்சா?”

“ஏரியில அலையே இல்ல அண்ணாச்சி.”

“அது வாத்தோட தப்பா?”

இதற்கெல்லாம் நடுவில்தான் அந்தத் தவறு நடந்தது. கேட்டமரான் என்பது நம் கட்டுமரம்தான், நாம் கொடுத்த சொல்லை நாமே இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு ஒரு ரோஷம். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் இனி நான் கட்டுமரம் என்றுதான் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். ஃபைபர் படகின் சுவர் இரண்டு அடுக்கு. நடுவே கனமில்லாத மரத்தையோ நுரைப் பலகையையோ வைத்து ஒட்டுவோம். அந்த நடு அடுக்குக்காகப் பர்ச்சேஸ் பாய்க்கு எழுதினேன்: “கட்டுமரத்துக்கு லேசான மரம் எங்கே கிடைக்கும், விசாரிங்க பாய்.”

மறுநாள் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு.

“மேடம், கிருஷ்ணகிரி மரக்கடைங்க. உங்க பர்ச்சேஸ்ல இருக்கற நம்ம மச்சான் சொன்னாரு. கட்டுமரத்துக்கு மரம் வேணுமாமே. மலைவேம்பு நல்லா காஞ்சது இருக்குதுங்க. எவ்ளோ நீளம்?”

“பன்னெண்டு மீட்டர்ங்க” என்றேன். படகின் நீளம் அது.

“அடேங்கப்பா! அவ்ளோ நீளத்துக்கு ஒரே மரமா வராதுங்க. எந்த ஏரிக்கு?”

“ஏரி இல்லீங்க. கடலுக்கு.”

“சூளகிரில இருந்தா?” என்று கேட்டார். பிறகு மரியாதை குறையாமல், “ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிட்றேங்க. மரம் அறுத்துக் குடுப்போம். கட்டிக் குடுக்கற வேல நமக்குத் தெரியாது. கட்டறத நீங்கதான் பாத்துக்கணும்.”

நாலு மரத்தைக் கயிற்றால் கட்டிக் கடலில் விடப் போகிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். போனை வைத்ததும் சிரிப்பாகத்தான் இருந்தது. பாயிடம் போய்ச் சொன்னேன். “நீங்க கட்டுமரம்னு எழுதினீங்க, நான் கட்டுமரம்னு கேட்டேன். என் மேல என்ன தப்பு?” என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. மாலைக்குள் ஷெட் முழுக்கச் சிரித்து முடித்துவிட்டது.

எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. கட்டறத நீங்கதான் பாத்துக்கணும். அந்தச் சொல்லை அத்தனை ரோஷமாக எழுதினேனே, அதிலுள்ள கட்டு என்பதை நான் யோசிக்கவே இல்லை. இரட்டைப் படகு என்றால் இரண்டு உடலல்ல. இரண்டு உடலையும் பிடித்துவைத்திருக்கும் கட்டு. ஒரு அலை இடது உடலைத் தூக்கும்போது இன்னொரு அலை வலது உடலை இறக்கும். நடுவிலிருப்பது முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், வருடக்கணக்கில். அந்தக் கட்டை நாங்கள் எங்கே வைத்துக் கட்டப் போகிறோம்?

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போனேன். காவலாளி கையை நீட்ட வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ரெட்டையின் அகலம் ஏழு மீட்டர். கேட் அதற்குப் பத்தாது. கேட்டை இடிக்கலாம். வெளியே நெடுஞ்சாலை இருக்கிறதே. காற்றாலை இறக்கைகளை ஏற்றிய நீள லாரிகள் எங்கள் சாலையில் போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு லாரி திரும்பி முடிக்கும் வரை மொத்தப் போக்குவரத்தும் நின்று வேடிக்கை பார்க்கும். எவ்வளவு நீளமானாலும் எப்படியோ போய்விடுகிறது. அகலம் அப்படிப் போகாது. சுங்கச்சாவடியில் எந்த வழியில் நுழைப்பது?

முதலாளியிடம் சொன்னேன். அவர் வீட்டில் தெலுங்கு பேசுபவர். சந்தோஷம் வந்தால் தமிழும் தெலுங்கும் கலந்துவிடும்.

“அப்ப ஒத்தைதான் கதா! முடிஞ்சுபோச்சு. இதுக்கு எதுக்கும்மா இவ்ளோ யோசனை? அவங்ககிட்ட இதையே சொல்லிடு.”

சொல்லியிருக்கலாம். காரணமும் கையில் இருந்தது. ஆனால் இரண்டு பேர் மிச்ச வாழ்க்கையை எந்தப் படகில் வாழ வேண்டும் என்பதை எங்கள் கேட்டின் அகலம் முடிவு செய்வதா? “ரெண்டு உடலையும் தனித்தனியா வார்த்து, ரெண்டு லாரியில அனுப்பி, கரையில வச்சுச் சேக்கலாம் சார். அப்படியும் செய்யறாங்க” என்றேன்.

“சேராதும்மா” என்றார் அண்ணாச்சி, ஷெட்டுக்குத் திரும்பி அவரிடம் இதைச் சொன்னபோது. “உப்புக் காத்து. ஈரம். நம்ம ஷெட்டுக்குள்ள ஒட்டுற மாதிரி அங்கன வச்சு ஒட்ட முடியாது.”

“கூடாரம் போட்டு, சூடாக்கி ஒட்டலாமே?”

“ஒட்டலாம்” என்றார், யோசித்துவிட்டு. “ஒட்டினா நிக்கவும் செய்யும். நிக்காமலும் போவும்.”

“ஆனா நீங்க கடல்ல போயிருக்கீங்க. நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. எது?” கிண்டல் இல்லாமல்தான் கேட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பாலிஷ் போடுகிறவர்கள் தூரத்தில் இருந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எங்க அப்பாவுக்குப் பலசரக்குக் கடம்மா. நான் கடல்ல போனது ஒரே ஒரு தடவ. கூட்டாளியோட போட்டுல. ஏறுன நேரத்துலேர்ந்து எறங்குற வரைக்கும் வாந்தி. ஒத்தையா ரெட்டையான்னு குனிஞ்சு பாக்கவே இல்ல” என்றார். “வெளிய சொல்லிராத.”

அவர் அனுமதியோடுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

அந்த வாரம் அந்த அம்மா எனக்கு போன் செய்தார். வெள்ளிக்கிழமை வருவதாகவும், அன்றே முடிவைச் சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார். வரைபடத்தை வெளிநாட்டில் ஒரு வடிவமைப்பாளரிடமிருந்து வாங்க வேண்டும். ஒன்றை வாங்கிய பிறகு மாற்ற முடியாது. போனை வைப்பதற்கு முன், “நான் ஒண்ணு கேக்கறேன், யோசிச்சு சொல்லும்மா. இதே கடல்ல உங்க அம்மாவ அனுப்பணும்னா, எதுல ஏத்துவே?” என்றார்.

அதுவரை அது எனக்குப் பன்னிரண்டு மீட்டர், ஏழு மீட்டர், ஈயத்தின் எடை. அந்தக் கேள்விக்குப் பிறகு வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் சொல்வதை அப்படியே கட்டுவார்கள். நான் சொல்வதில் அவர் ஏறி உட்கார்வார். பெங்களூர் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து உட்கார்வார். நான் தவறாகச் சொல்லியிருந்தால் அது எனக்குத் தெரிய வரும்போது அவர் கரையே தெரியாத தூரத்தில் இருப்பார்.

என் அம்மாவிடமே கேட்டுப் பார்த்தேன். கொத்தமல்லியைக் கட்டுக் கட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு படகையும் செல்போனில் காட்டினேன்.

“நான் எதுலயும் ஏற மாட்டேன்” என்றாள்.

“ஏறித்தான் ஆகணும்னா?”

“எதுக்கு ஏறணும்? உங்கப்பன்கூட வண்டில பின்னாடி உக்காந்து சந்தைக்குப் போறதுக்கே எனக்குக் கை காலு நடுங்குது.” பிறகு செல்போனை வாங்கி மறுபடி பார்த்தாள். “ஏன்டி, இவங்க ரெண்டு பேரும் மட்டும்தான் இருப்பாங்களா?”

“ஆமா.”

“சண்ட போட்டுக்கிட்டா எங்க போய் உக்காருவாங்க? இங்க நான் கோவம் வந்தா தோட்டத்துக்குப் போயிடறேன். இதுல?”

எந்தக் கட்டுரையிலும் இந்தக் கேள்வி இல்லை. இரட்டையில் ஒருவர் இடது உடலுக்கும் இன்னொருவர் வலது உடலுக்கும் போய்க்கொள்ளலாம். ஒற்றையில் போக இடமே இல்லை. இதை எந்தத் தட்டில் வைப்பது, ஈயத்தோடு சேர்த்தா? எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையும் சுற்றியது. நான் அதுவரை ஏறிய ஒரே நீர் வாகனம் பள்ளிச் சுற்றுலாவில் ஒகேனக்கல் பரிசல். வட்டமாக இருக்கும், முன் எது, பின் எது என்றே கிடையாது. படகோட்டி வேண்டுமென்றே சுற்றிவிட்டார். அந்தக் கிறுகிறுப்புதான் திரும்ப வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. முதலாளியின் அறையில் உட்கார்ந்தோம். அந்தக் கணவர் நாற்காலி நுனியில் இருந்தார். அண்ணாச்சி கதவோரம் நின்றார். கண்ணாடிக்கு வெளியே பாய் ஏதோ வேலையிருப்பது போல நடமாடிக்கொண்டிருந்தார். அவர் மூடிய கை எனக்குத் தெரிந்தது.

“சொல்லும்மா” என்றார் முதலாளி.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சாய்வது, சாயாதது, முழுகுவது, நிமிர்வது, கேட், நெடுஞ்சாலை, கட்டு. என் அம்மாவின் சண்டைக் கேள்வியையும் சொன்னேன். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்து, “ஐயோ, அதுக்குத்தானே நான் கேட்டமரான் கேக்கறேன்!” என்றார்.

“சரி, எது?” என்றார் கணவர், தமிழிலேயே.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. “சார், நீங்க மோனோஹல்ல போயிருக்கீங்களா?”

போயிருக்கிறார். கோவாவில் நண்பரின் படகில் சில நாட்கள். பாய் கட்டியிருக்கிறார், சுக்கான் பிடித்திருக்கிறார்.

“கேட்டமரான்ல?”

“இல்ல.”

அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் ஒருமுறை சுற்றுலாப் படகில் ஒரு மாலை நேரம் போயிருக்கிறார். கேட்டமரான். கடல் அமைதியாக இருந்தது, டீ கூடக் கொடுத்தார்களாம். மோனோஹல்லில் ஏறியதில்லை.

ஒரு வருடமாக இரண்டு பேரும் தான் ஏறிய படகுக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள், தான் ஏறாத படகை எதிர்த்து. அண்ணாச்சி ஏறினார், பார்க்கவில்லை. நான் இரண்டையும் பார்த்தேன், எதிலும் ஏறவில்லை. அந்த அறையில் இரண்டிலும் ஏறியவர் ஒருவர்கூட இல்லை.

“எனக்குத் தெரியாது” என்றேன்.

சொன்ன பிறகு என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. முதலாளி முகம் மாறிவிட்டது. “என்னம்மா இது, இவ்ளோ நாள் படிச்சு…”

“படிச்சுதான் சார் சொல்றேன். படிச்சு இதுக்கு மேல தெரிஞ்சுக்க முடியாது. ரெண்டுலயும் ஏறிட்டு வந்து சொல்றேன். அலை இருக்கற நாள்ல. அதுவரைக்கும் வரைபடம் வாங்க வேண்டாம்.”

அந்தக் கணவர்தான் முதலில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “சரியாகிதே” என்றார் கன்னடத்தில், மனைவியைப் பார்த்து. “நானும் ஒண்ணுலதான் ஏறியிருக்கேன்.” மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏமாற்றமா, நிம்மதியா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. “அப்ப நாங்களும் வர்றோம்” என்றார் கடைசியில்.

“கடலையே பாக்காத பிள்ள” என்று கதவோரத்திலிருந்து அண்ணாச்சி ஆரம்பித்தார். எல்லாரும் திரும்பினோம். “எலுமிச்சம்பழம் எடுத்துட்டுப் போம்மா. மோந்து பாத்துக்கிட்டே இருக்கணும்” என்று முடித்தார்.

பாண்டிச்சேரியில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத் தருகிற ஓர் இடத்தை நான்தான் பிடித்தேன். அவர்களிடம் இரண்டு வகையும் இருக்கின்றன. சின்னவை, எங்கள் பன்னிரண்டு மீட்டரில் பாதிகூட இல்லை; ஆனாலும் ஒன்று சாயும், ஒன்று சாயாது. நீச்சல் தெரியுமா என்று போனில் கேட்டார்கள். தெரியாது என்றேன். இரண்டாம் முறை அந்தச் சொல் அவ்வளவு கஷ்டமாக இல்லை. மிதவைச் சட்டை தருவோம் என்றார்கள். முதலாளி விடுப்பு கொடுத்தார், முனகிக்கொண்டே. கணவன் மனைவி காரில் வருகிறார்கள். என்னையும் கூட வரச் சொன்னார்கள். அந்தச் சண்டைக்கு நடுவே பின் சீட்டில் உட்கார்ந்து வந்தால் கடலுக்கு முன்னாலேயே எனக்கு வாந்தி வந்துவிடும் என்று தோன்றியதால் பேருந்தில் வருவதாகச் சொல்லிவிட்டேன்.

இதைச் செல்போனில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கிருஷ்ணகிரி தாண்டிவிட்டது. ஜன்னலோர இருக்கை. மடியில் பை, பையில் மாற்றுத் துணி, கையில் அண்ணாச்சி கொடுத்த எலுமிச்சம்பழம். ஷெட்டிலிருந்து பாய் மூடிய கையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். நான் பதில் போடவில்லை. சற்று முன் நடத்துநர் வந்து, “எங்கம்மா? ஒண்ணா ரெண்டா?” என்றார்.

“பாண்டி. ஒண்ணு” என்று சொல்லி டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன்.